ஜெபம் மட்டும் போதுமா?



"அரசியல் சாக்கடை, நமக்கெதற்கு?" என்கிறோம். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்காகப் போராடிய மார்ஷல் நேசமணியும் கிறிஸ்தவர்தான். அவர் அப்படி ஒதுங்கியிருந்தால்?

பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதியபோது, அந்தப் பட்டணத்துக்காக ஜெபிக்க மட்டுமா சொன்னார்? அதன் நன்மையைத் தேடவும் சொன்னார். முதலாவதைப் பிடித்துக்கொண்டோம், மற்றதை மறந்துவிட்டோம்.

சபைக் கமிட்டித் தேர்தலுக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்கிறோம். கிராம சபைக்கு மட்டும் நேரமில்லை! குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் அங்கேதான் பேசப்படுகின்றன. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் கேள்வி கேட்கலாம்.

அக்டோபர் 2 அன்று போங்கள். நம் தெருவுக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துப் பேசுங்கள். ஆமென் சொல்லும் வாய் அங்கேயும் திறக்கட்டும்.