முகப்புரை வாசிக்கும் பிள்ளைக்கு முதல் தகவல் அறிக்கையும் தெரியட்டும்

ஆண்டுதோறும் நவம்பர் 26 அன்று பள்ளிகளில் அரசமைப்புச் சட்ட நாள் கொண்டாடுகிறார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவி மைக் முன் நின்று முகப்புரையை வாசிக்க, மற்றவர்கள் திரும்பச் சொல்கிறார்கள். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற சொற்கள் மைதானம் முழுக்கக் கேட்கின்றன. பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்து முதல் பாடவேளை தொடங்கிவிடுகிறது. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அந்த மாணவி தன் ஊரில் என்ன செய்ய முடியும்? அதைச் சொல்லித்தரும் பாடவேளை எது?

பாடநூலில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அடிப்படை உரிமைகள் இருக்கின்றன, கடமைகள் இருக்கின்றன, சட்டமன்றமும் நீதிமன்றமும் எப்படி இயங்குகின்றன என்பதும் இருக்கிறது. தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மைக்கு எதிரானது என்று பாடநூலின் முன்பக்கத்திலேயே அச்சிட்டு வருகிறோம். ஆனால் வரலாறும் புவியியலும் போக மிஞ்சிய நேரத்தில்தான் குடிமையியல் நடக்கிறது. தீண்டாமையை ஒழித்த சட்டப் பிரிவு எது என்று கேட்டால் 17 என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம். குற்றம் என்றால் எந்தச் சட்டப்படி குற்றம், யாரிடம் போய்ச் சொல்வது, சொன்ன பிறகு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளைத் தேர்வு கேட்பதில்லை. அதனால் வகுப்பும் அதைத் தொடுவதில்லை.

இந்தக் குறை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. வீட்டில் வக்கீல் மாமாவோ தாசில்தார் பெரியப்பாவோ இருக்கும் பிள்ளைக்குப் பாடநூல் சொல்லாததை வீடு சொல்லிவிடும். நம் காலனித் தெருக்களில் பல வீடுகளில் தட்டுத்தடங்கலின்றி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணாக இருக்கிறாள். ரேஷன் கார்டு மனுவிலிருந்து சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் வரை அவள்தான் எழுதுகிறாள். ஏதாவது தகராறு என்றால் பாட்டியுடன் காவல் நிலையத்துக்குப் போவதும் அவள்தான்.

அங்கே நடப்பது நமக்குத் தெரியும். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வழக்கு பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வருகிறார்கள். அந்த ரசீது மனு பெற்றதற்கான அடையாளம் மட்டுமே. முதல் தகவல் அறிக்கை வேறு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நாள் கடந்து, சாட்சி கலைந்து, ஊர்ப் பஞ்சாயத்தில் சமாதானம் பேசி முடிந்துபோகும் புகார்கள் உண்டு.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். வழக்குப் பதிந்து, பதிந்த தகவலின் நகலை உடனே தர வேண்டும். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இந்தக் கடமைகளை வேண்டுமென்றே தட்டிக்கழித்தால், அவருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பாட்டி கைநாட்டு வைக்கும் முன், ‘படித்துக் காட்டுங்கள் சார்’ என்று கேட்கத் தெரிந்த ஒரு பேத்தி போதும், பல வழக்குகளின் போக்கே மாறும். ஒரு பாடவேளையில் சொல்லித்தரக்கூடிய விஷயம் இது.

2015இல் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு நம் ஊர்களின் அன்றாடத்தையே பட்டியல் போடுகிறது. பொதுக்குளம், குழாய், சுடுகாடு, பாதை இவற்றைப் பயன்படுத்தத் தடுப்பது. பொது இடத்தில் சைக்கிள் ஓட்டவோ செருப்பு அணியவோ புத்தாடை உடுத்தவோ தடுப்பது. கல்யாண ஊர்வலத்தை மறிப்பது. பள்ளிக்குள், மருத்துவமனைக்குள், கடைக்குள் வரவிடாமல் செய்வது. ஊராட்சித் தலைவரைக் கடமை செய்யவிடாமல் மிரட்டுவது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்கக் கரும்பலகைகூட வேண்டாம். தன் தெருவிலிருந்தே உதாரணம் சொல்லிவிடும்.

அரசு, சுதந்திரம், குடியுரிமை என்று கற்பிக்க மதுரை மாவட்டத்துக்கு வெளியே உதாரணம் தேடிப் போகவும் வேண்டியதில்லை. மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யருடன் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். பின்னர் அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார். அதே மேலூர் வட்டத்தில்தான், தனி ஊராட்சியான மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு மேலும் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தலித் தலைவர் ஒருவர் பதவியில் அமர முடியவில்லை. 2006இல்தான் அது நடந்தது. உத்தபுரத்தில் தெருக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று அரசு அதிகாரிகள் முன்னிலையில் இடிக்கப்பட்டது.

சட்டம் என்ன சொன்னது, ஊர் என்ன செய்தது, அரசு எவ்வளவு தாமதமாக வந்தது, கடைசியில் எது மாற்றியது என்று இந்த நான்கையும் வைத்து நான்கு வாரம் பாடம் நடத்தலாம். 73ஆவது திருத்தம் ஏன் வந்தது, ஊராட்சித் தலைவர் பதவிகளைச் சுழற்சி முறையில் ஏன் ஒதுக்குகிறார்கள் என்பது அதற்குப் பிறகு யாருக்கும் மறக்காது.

‘இதையெல்லாம் வகுப்பில் பேசினால் சாதிச் சண்டை வரும்’ என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். பேசாமல் இருந்தால் வராதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லும் வகுப்பறைகளில் சாதி ஏற்கனவே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சம்பவத்தை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கயிறு, பொட்டு போன்ற அடையாளங்களைத் தடுப்பதும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவதும் அதன் பரிந்துரைகளில் அடங்கும். கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது. ஏன் அவிழ்க்க வேண்டும் என்று புரியவைக்க குடிமையியல் வகுப்புதான் வேண்டும். ஆகவே இந்தப் பாடம் தலித் பிள்ளைகளுக்கான சலுகை இல்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைக்குத்தான் இது இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது.

அதற்கு முன் பள்ளியே தேற வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறது. தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் ஈரோடு மாவட்டத்தில் 2022இல் ஒரு தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். அப்படி நடக்கும் பள்ளியில் சமத்துவம் பற்றி எந்த ஆசிரியர் பாடம் எடுத்தாலும் பிள்ளைகள் மனதில் ஏறாது. யார் பெருக்குகிறார், யார் தண்ணீர் எடுக்கிறார், யார் யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பதுதான் அவர்கள் தினமும் படிக்கும் குடிமையியல்.

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை மாதம் ஒரு பாடவேளையைச் செய்முறைக் குடிமையியலுக்கு ஒதுக்கலாம். அதில் மனு எழுதவும், முதல் தகவல் அறிக்கையை வாசிக்கவும், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை விண்ணப்பம் போட்டு 30 நாளில் பதில் பெறவும் கற்றுக்கொடுக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைக்கு மாணவர்களை அழைத்துப் போய் உட்கார வைக்கலாம். ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. பள்ளிகளில் நடக்கும் பாகுபாட்டையும் அதில் தவறாமல் பேச வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள்; அதில் நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் தர வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கூலி போகிறதே என்று அந்தக் கூட்டத்தைத் தவிர்க்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இந்த மாதம் குடிமையியல் பாடம் நடந்ததா என்று அங்கே எழுந்து கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வியை எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.