முன்னச்சு ஊருக்கும் புரிய வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழ்ப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், நூலகர்கள், ஆய்வு மாணவர்கள் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே ஆய்வுக் கட்டுரையைப் பொதுவில் வைக்கும் பிரீபிரிண்ட் முறையை, அதாவது முன்னச்சை, நாங்கள் ஆதரிக்கிறோம். மதிப்பாய்வின் இடத்தை அது பிடிக்கக் கூடாது. ஓர் ஊரின் மண்ணையும் நீரையும் பற்றிப் பேசும் முன்னச்சு, அந்த ஊரின் மொழியிலும் பேச வேண்டும்.

1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்ற முன்னச்சுக் களஞ்சியம் இயற்பியலாளர்களுக்கு இந்த வழியைத் திறந்தது. உயிரியலுக்கு 2013இலும் மருத்துவத்துக்கு 2019இலும் இத்தகைய களஞ்சியங்கள் வந்தன. இதழ்ச் சந்தா கட்ட வழியில்லாத சித்தூர், மூணாறு மாணவருக்கும் புதிய ஆய்வு அன்றே கிடைக்கிறது. தன் முடிவைத் தேதியோடு பதிந்துவைக்கவும் அவரால் முடிகிறது.

எங்கள் எல்லையே இதற்குச் சான்று. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, சுமார் 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியை நிறுவும் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் அறிவியல் அறிக்கை 2015இலேயே ஆர்க்கைவில் வெளியானது. 'பிரமாணா' இதழில் அது வந்தது 2017இல். இரண்டு ஆண்டு முன்னதாக அது உலகத்துக்குக் கிடைத்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது; கருவியின் இயற்பியலைப் பேசியது. வெடி வைத்தால் ஊற்று வற்றுமா, அணைகளுக்கு ஆபத்தா என்ற மக்களின் கேள்விக்கு விடை சொல்வது அதன் வேலையாக இருக்கவில்லை. இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது.

மூடிவைப்பதன் விலையையும் அறிவோம். மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த மாதவ் காட்கில் குழுவின் அறிக்கை 2011 ஆகஸ்டில் அரசிடம் தரப்பட்டது. தகவல் உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு 2012 மேயில்தான் வெளியானது. அந்த இடைவெளியில் மலையோர மக்களிடம் அச்சமே வளர்ந்தது என்பது எங்கள் கருத்து.

அவசரத்தின் ஆபத்தும் உண்டு. 2020 ஜனவரி 30 அன்று நாட்டின் முதல் கொரோனா தொற்று எங்கள் அண்டை மாவட்டமான திருச்சூரில் உறுதியானது. மறுநாளே, அக்கிருமிக்கும் எச்ஐவிக்கும் ஒற்றுமை இருப்பதாக டெல்லி ஆய்வாளர்களின் முன்னச்சு ஒன்று வந்தது. பல நாட்டு அறிவியலாளர்கள் பிழையைப் பொதுவில் சுட்டிக்காட்ட, சில நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. திறந்திருந்ததால்தான் பிழை அவ்வளவு விரைவில் பிடிபட்டது. ஆனால் வதந்தியை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை:

1. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகள் முன்னச்சாகவும் வெளிவர வேண்டும்.

2. "மதிப்பாய்வு முடியவில்லை" என்ற வரி முன்னச்சின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்தியாக்கும் ஊடகமும் அவ்வரியைச் சொல்ல வேண்டும்.

3. நோய், மண்சரிவு, அணை பற்றிய முன்னச்சுகளைச் செய்தியாக்கும் முன், அந்த ஆய்வில் பங்கில்லாத இருவரிடமாவது கருத்துக் கேட்க வேண்டும்.

4. எங்கள் பகுதி பற்றிய ஒவ்வொரு முன்னச்சுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும்.

5. முதுவர், இருளர் மக்களின் மருந்தறிவையும் அரிய செடிகள் வளரும் துல்லியமான இடங்களையும் உரியவர்களின் இசைவின்றி வெளியிடக் கூடாது. ஒருமுறை வெளியே போனது திரும்பி வராது.

நான்காவது கோரிக்கையில் பாதி வேலை எங்களுடையது. ஆய்வாளர் கேட்டால், தமிழ்ச் சுருக்கத்தை எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றி எழுதித் தருவார்கள். அதை ஊர் நூலகத்தில் வாசித்து, மக்கள் எழுப்பும் கேள்விகளை ஆய்வாளரிடம் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கேள்விகளும் மதிப்பாய்வின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம்.