விளைபொருளை இணையத்தில் விற்போர் பணம் வாங்கும் முறை

பயிர் செய்வது ஒரு தொழில். விளைந்ததை விற்பது மற்றொரு தொழில். முன்னதில் கைதேர்ந்த குடியானவர் பின்னதில் ஏமாறுவது பழைய கதை. மஞ்சள், வெல்லம், செக்கெண்ணெய், பழைய ரக அரிசி முதலிய சரக்குகளைத் தரகருக்குப் போடாமல், தாமே பொட்டலம் கட்டி, தமக்கென்று ஓர் இணையதளம் அமைத்து, தூர ஊர்களிலுள்ள குடும்பத்தாருக்கு நேரே அனுப்பும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளைப் போன்று பெயர் பெற்ற சரக்குகளுக்கு இவ்வழி மிகவும் ஏற்றதாகும். தனி மிராசுதாரர்களேயன்றி உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் இதில் இறங்கியிருக்கின்றன.

ஆயினும், இணையதளத்தின் அழகைப் பற்றியும் பொட்டலத்தின் படத்தைப் பற்றியும் நாட்கணக்கில் யோசிப்பவர்கள், பணம் எவ்வழியாக, எந்நாளில், எவர் கணக்கில் வந்து சேரவேண்டும் என்பதைத் தளம் அமைத்துக் கொடுப்பவரிடமே விட்டுவிடுகின்றனர். இது பெரும் பிழை. களத்தில் மரக்காலை அயலார் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் நிலச்சுவான்தார் எவரும் இலர். பணம் வாங்கும் முறையும் ஒரு மரக்காலே. அதனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது உடையவரின் வேலை.

சரக்கைக் கண்டு பணம் கொடுத்தல்

தபால்காரரிடம் தொகையைச் செலுத்திப் பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ளும் வி.பி. தபால் முறையை முதியோர் அறிவர். சரக்கு வாசலுக்கு வந்தபின் பணம் கொடுக்கும் இக்கால முறை அதன் வாரிசேயாகும். வாங்குபவருக்கு இது நம்பிக்கை தருவது உண்மை. ஆனால் அவர் மனம் மாறினாலும், வீட்டில் இல்லாமற் போனாலும், நஷ்டம் முழுவதும் அனுப்பியவருக்கே. 400 ரூபாய் மஞ்சள்பொடிப் பொட்டலம் ஒன்றில் எல்லாச் செலவும் போக 40 ரூபாய் ஆதாயம் நிற்பதாகவும், போக்குக் கூலி 60 ரூபாய், திரும்பி வரும் கூலி 60 ரூபாய் என்றும் கொள்க. ஒரு பொட்டலம் திரும்பினால் 120 ரூபாய் போகும். அதாவது மூன்று நல்ல விற்பனைகளின் ஆதாயம் அழிந்துபோகும். ஆகையால், முன்பு வாங்கிப் பழகிய வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் இச்சலுகையை வைத்துக்கொள்வதே உசிதம்.

யு.பி.ஐ. முறை

இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறை இன்று டீக்கடை வரையில் எட்டியிருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல், பாங்குக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலமாகவும், ரூபே டெபிட் கார்டு மூலமாகவும் வரும் தொகைக்கு வியாபாரியிடம் தள்ளுபடிக் கட்டணம் வாங்கலாகாது என்று மத்திய சர்க்கார் விதித்துள்ளது. சிறு வியாபாரிக்கு இதைவிட அனுகூலமான முறை வேறில்லை.

நாளொன்றுக்குப் பத்து உத்தரவுகளுக்கு மேல் வராதவர், தமது பாங்கில் வியாபாரப் பெயரில் ஒரு கியூ.ஆர். சதுரம் பெற்று அதனைத் தமது தளத்தில் வைத்தாலே போதுமானது. வந்த தொகையை 12 இலக்கக் குறிப்பெண்ணுடன் ஒப்பிட்டு, இன்ன உத்தரவுக்கு இன்ன பணம் என்று கணக்குப் புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம். உத்தரவுகள் பெருகியபின் இவ்வேலை கையால் முடியாது, தவறும் நேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பணம் அனுப்பிவிட்டதாக வாங்குபவர் காட்டும் படம் ரசீது ஆகாது. அது போலியாகவும் இருக்கக்கூடும். தம் கணக்கில் வரவு ஏறியிருப்பதைக் கண்ணால் கண்ட பின்னரே பொட்டலத்தை அனுப்பவேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைப் பதியவேண்டிய அவசியமே இல்லை. பதியும்படி எவரேனும் சொன்னால் அவர் திருடர் என்று அறிக.

இடைநிலை நிறுவனங்களும் அவற்றின் கட்டணமும்

உத்தரவுகள் பெருகியவர்களுக்குப் பணத்தைத் திரட்டிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. யு.பி.ஐ., கார்டு, பாங்குக் கணக்கு ஆகிய எல்லா வழிகளிலும் வரும் தொகையை வாங்கி, உத்தரவுடன் தாமே பொருத்தி, பின்னர் வியாபாரியின் கணக்கில் சேர்ப்பது இவற்றின் தொழில். கார்டு வரவுக்கு நூற்றுக்கு 2 ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் கட்டணம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட கார்டு வரவானால் அக்கட்டணத்தின் மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரியும் உண்டு.

நூற்றுக்கு இரண்டு என்றால் அற்பம் என்று தோன்றும். மேற்சொன்ன 400 ரூபாய் பொட்டலத்தில் கட்டணம் 8 ரூபாய். ஆதாயமோ 40 ரூபாய்தான். எனவே விலையில் நூற்றுக்கு இரண்டாகத் தோன்றுவது, ஆதாயத்தில் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கட்டணத்தை எப்பொழுதும் ஆதாயத்தோடு ஒப்பிடவேண்டுமேயன்றி விலையோடு ஒப்பிடலாகாது.

யு.பி.ஐ. வரவுக்குத் தள்ளுபடிக் கட்டணம் இல்லையென்றாலும், தங்கள் தளச் சேவைக்கென்று தனிப் பெயரிட்டு அதற்கும் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. டெபிட் கார்டைப் பொறுத்தவரை, முந்தின ஆண்டு விற்பனை 20 லட்ச ரூபாய்க்கு மேற்படாத வியாபாரியிடம் பாங்கு வாங்கும் தள்ளுபடிக் கட்டணம் நூற்றுக்கு 40 காசுக்கு மேற்படலாகாது என்று 2018 ஜனவரி முதல் ரிசர்வ் பாங்கு வரம்பு கட்டியது. இவற்றை அறிந்து பேசுபவருக்குப் பேரத்திற்கு இடமுண்டு. அறியாதவர் அச்சடித்த விகிதத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறார்.

காலதாமதத்தின் விலை

கட்டணம் குறைவு என்ற ஒன்றையே பார்ப்பவர் காலத்தை மறந்துவிடுகின்றனர். நாள்தோறும் 10,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு சங்கத்தைக் கொள்க. ஒரு நிறுவனம் நூற்றுக்கு 2 ரூபாய் வாங்கி மறுநாளே பணம் தருகிறது. மற்றொன்று 1 ரூபாய் 90 காசு வாங்கி, அதற்கு மேலும் மூன்று நாள் கழித்துத் தருகிறது. பின்னதில் ஆண்டொன்றுக்கு மிச்சம் 3,650 ரூபாய். ஆனால் மூன்று நாள் வரவாகிய 30,000 ரூபாய் எந்நாளும் வெளியிலேயே நிற்கும். அத்தொகைக்கு ஈடாகக் கிராமத்தில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினால், ஆண்டு வட்டி 7,200 ரூபாய். மிச்சம் பிடித்ததைப்போல் இரண்டு பங்கு நஷ்டம். நூற்றுக்கு 12 வீதம் பாங்குக் கடன் கிடைப்பவருக்கு இரண்டும் ஏறக்குறையச் சரியாகும். ஆகவே, எது நல்லது என்பது அவரவர் கையிருப்பையும் கடன் வசதியையும் பொறுத்தது. பக்கத்துக் குடியானவரிடம் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுப்பவருக்கும், பொங்கலுக்கு முன் வெல்லம் விற்பவருக்கும் நாள் என்பதே பணம்.

பணம் எந்தக் கணக்கில் சேரவேண்டும்

இவையனைத்தினும் பெரிதாகக் கவனிக்கவேண்டியது மற்றொன்றுண்டு. மோசடியால் பணம் இழந்தவர் 1930 என்னும் எண்ணில் முறையிட்டால், அப்பணம் சென்ற கணக்குகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. அது வேண்டிய ஏற்பாடே. ஆனால் திருடிய பணத்தில் ஒருவன் இரண்டு கிலோ மஞ்சள் வாங்கினாலும் அத்தொகை விற்றவர் கணக்கில் ஏறிவிடுகிறது. விற்றவர் குற்றமற்றவராயினும், சில வேளைகளில் அத்தொகை மட்டுமன்றிக் கணக்கு முழுவதுமே நிறுத்தப்படுகிறது. பயிர்க்கடனும், பிள்ளையின் படிப்புச் செலவும், கூலிப் பணமும் அதே கணக்கிலிருந்தால் அறுவடை நாளில் ஆளுக்குக் கூலி கொடுக்க வழியிராது.

ஆகையால் இணைய விற்பனைக்கென்று வியாபாரப் பெயரில் தனி நடப்புக் கணக்கு வைப்பது கட்டாயம் என்றே கொள்ளவேண்டும். அதில் சேர்ந்ததை வாரம் ஒருமுறையேனும் மற்றக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதும் நன்று. சங்கத்தின் பணம் காரியதரிசியின் சொந்தக் கணக்கில் சேருவது, அவர் எவ்வளவு யோக்கியரானாலும், ஒருபோதும் கூடாது. பல சங்கங்களில் மனஸ்தாபம் முளைப்பது இவ்விடத்திலேதான்.

கைப்பேசிப் பணப்பைகளில் தொகையைத் தேக்கிவைப்பதும் தகாது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிசர்வ் பாங்கு, பேடிஎம் பேமெண்ட்ஸ் பாங்கு மார்ச் 15க்குப் பிறகு புதிய வைப்புத்தொகை ஏற்கலாகாதென்று உத்தரவிட்டபோது, தங்கள் வரவை அங்கே பெற்றுவந்த வியாபாரிகள் அவசரமாக வேறு பாங்குக் கணக்குக்கு மாறவேண்டியதாயிற்று. பெரிய பெயரைக் கண்டு மயங்குவதற்கில்லை.

நிறுவனத்தை ஆராயும் வகை

இடைநிலை நிறுவனங்களுக்கு ரிசர்வ் பாங்கு 2020 மார்ச்சில் விதிகள் வகுத்தது. அவை வியாபாரிகளின் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல் ஒரு பாங்கில் தனிக் காப்புக் கணக்கில் வைத்தல் வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஜாபிதாவை ரிசர்வ் பாங்கு தனது தளத்தில் வெளியிடுகிறது. அதில் பெயர் காணப்படாத நிறுவனத்தோடு எவ்வித உடன்படிக்கையும் வேண்டாம். வாங்குபவரின் கார்டு எண்களை வியாபாரியின் தளத்தில் சேமித்துவைப்பது 2022 அக்டோபர் 1 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் கார்டு விவரங்களை நிறுவனத்தின் பக்கத்திலேயே பதியும்படி தளத்தை அமைப்பது சிலாக்கியம்.

கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் பெறவேண்டும். ஒவ்வொரு வழிக்கும் வரி உட்படக் கட்டணம் என்ன? பணம் எத்தனை நாளில், விடுமுறை நாட்களில் எவ்வாறு, கணக்கில் சேரும்? வாங்குபவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், எடுத்த கட்டணம் திரும்புமா? வாங்குபவர் தம் பாங்கில் வழக்கிட்டால் எத்தனை நாளுக்குள் என்ன ஆதாரம் காட்டவேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பலர் இல்லையென்றே பதில் சொல்வர். நான்காவதற்காக, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பட்டியலும், எடையும், அனுப்பிய ரசீதும் சேமித்து வைத்திருக்கவேண்டும்.

வரிக்கு அஞ்சுதல்

வரவு பாங்கில் பதிவானால் வரி வருமே என்று சிலர் ரொக்கத்தையே நாடுகின்றனர். 2025 ஜூலையில் கர்நாடகத்தில், யு.பி.ஐ. வரவை ஆதாரமாகக் கொண்டு வணிக வரித்துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூரில் கடைகள் பல கியூ.ஆர். சதுரத்தைக் கழற்றிவிட்டன. அவ்வியாபாரிகளிற் பலர் விற்றது வரி விலக்குள்ள பாலும் காய்கறியும். அவர்களுக்குக் குறையாயிருந்தது பட்டியலும் பதிவுமேயன்றி வேறன்று. விலக்குள்ள சரக்கையும் வரியுள்ள சரக்கையும் தனித்தனியே பதிந்து வைத்தவருக்கு அச்சமில்லை. மேலும், பாங்கில் பதிந்த வரவே பிற்காலத்தில் கடன் கேட்கும்போது குடியானவருக்குச் சாட்சி சொல்லும்.

கிராம அதிகாரிகளின் கடமை

கிராம நிர்வாக அலுவலரையும், வேளாண் உதவி அலுவலரையும், கூட்டுறவுச் சங்கச் செயலாளரையும் இவ்விஷயத்தில் யோசனை கேட்போர் உண்டு. அவர்கள் இன்ன நிறுவனமே நல்லதென்று ஒன்றைச் சிபாரிசு செய்தல் முறையன்று. மேற்கண்ட கணக்குகளைக் கேட்பவரைக்கொண்டே போடச் செய்வதும், தனிக் கணக்குத் தொடங்கத் தேவையான பத்திரங்களைக் காலத்தில் கொடுப்பதும், சங்கக் கூட்டத்தில் மாதந்தோறும் வரவுப் பட்டியலைப் படிக்கச் செய்வதுமே அவர்கள் செய்யத்தக்க உபகாரம்.

சுருங்கச் சொன்னால், சிறிய அளவில் விற்பவர் யு.பி.ஐ. ஒன்றோடு தொடங்கலாம், பெருகியபின் அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தைச் சேர்த்து, யு.பி.ஐ.யை முதலிலும் கார்டை அதன் பின்னும் வைக்கலாம். இரண்டிலும் பணம் தனிக் கணக்கிலேயே சேரவேண்டும். வெயிலிலும் மழையிலும் வளர்த்த பயிரின் விலை, கடைசிப் படியில் கசிந்து போகாமல் காப்பது கடினமன்று. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து தம் சொந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர், அதன் பலனை ஒவ்வொரு மாதமும் தம் வரவில் காண்பார்.