மின்சாரம் கடல் தாண்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்புக்கு வந்தபோது கைச்சாத்தான உடன்படிக்கைகளில் ஒன்று, இரு நாட்டு மின்வலைகளையும் இணைப்பது பற்றியது. செய்தி புதிதல்ல. 2010இலேயே இதற்கொரு புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதப்பட்டது. நான் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் ஆட்சிக்கொரு தடவை இது புதுச் செய்தியாக வந்துகொண்டே இருந்திருக்கிறது.

இணைப்பை நான் எதிர்க்கவில்லை. 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது. காற்று மிகுந்த மாதத்தில் மின்சாரத்தை விற்கவும், மழை பொய்த்து மலையக நீர்த்தேக்கங்கள் வற்றும் மாதத்தில் வாங்கவும் வழியிருப்பது நல்லதே. என் கேள்வி வேறு. வளம் எந்த மண்ணிலிருந்து எடுக்கப்படுகிறதோ, அந்த மண்ணில் வாழ்பவருக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படுகிறது?

இந்தக் கேள்வியின் கனத்தை அறிய ஆனையிறவில் நின்றாலே போதும். ஆனையிறவு என்றதும் உலகத் தமிழர் பலருக்கும் போரும் உப்பளமும் நினைவுக்கு வரும். அது ஒரு நீர் எல்லையும்கூட. இரணைமடுவைக் கடந்து வரும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியிற்றான் கலக்கிறது. தெற்கே ஆறும் குளமுமாக வன்னி. வடக்கே வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லாத, கிணற்றை நம்பிய குடாநாடு. 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் இந்த நீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கு நீரைக் கொண்டுபோகும் திட்டத்தை வரைந்தார். வேலை தொடங்கியது, முடிவடையவில்லை.

போர் முடிந்த பின்னர் இரணைமடு நீரில் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அதைச் சுயநலம் என்றவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மழை குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு நீரா, குழாய்க்கு நீரா என்பதை யார் முடிவுசெய்வது? பயிர் கருகினால் யார் இழப்பீடு தருவது? அவர்கள் நம்பத்தக்க பதில் எதுவும் அவர்கள் கையில் இருக்கவில்லை. முடிவில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். உப்பைப் பிரித்தெடுக்க மின்சாரம் வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே மொழி பேசும் இரு மாவட்டங்கள் எழுத்தில் காணத் தவறிய உடன்பாட்டின் விலை இன்று மின்கட்டணமாக வருகிறது.

இரு மாவட்டங்களுக்கிடையிலேயே இப்படியென்றால், இரு நாடுகளும் ஒரு தனியார் நிறுவனமும் சேரும் இடத்தில் எழுத்தின் பெறுமதி எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இமயமலை நாடுகள் இதை நம்மைவிட முன்னரே கற்றுக்கொண்டன. பூட்டானின் 126 மெகாவாட் டகாச்சு நீர்மின் நிலையம் 2015இல் இயங்கத் தொடங்கியது. அது அந்நாட்டு அரச மின் நிறுவனமும் இந்தியாவின் டாட்டா பவர் நிறுவனமும் கூட்டாகக் கட்டியது. மூன்றாவது பங்காளி பூட்டானின் ஓய்வூதிய, சேமலாப நிதியம். ஆகவே ஆறு ஈட்டும் இலாபத்தில் ஒரு பகுதி பூட்டானியரின் முதுமைக்குச் சேர்கிறது.

நேபாளத்தின் மேல் கர்ணாலித் திட்டத்துக்கு, இந்தியாவின் ஜி.எம்.ஆர் நிறுவனத்துடன் 2014இல் கைச்சாத்தான உடன்படிக்கையில், நேபாளத்துக்கு 12 சதவீத மின்சாரமும் 27 சதவீதப் பங்குரிமையும் இலவசம் என்று எழுதப்பட்டது. நிதி திரட்ட முடியாமல் அத்திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது வேறு கதை. நேபாளத்தில் நீர்மின் உரிமத்தொகையில் பாதி மாகாணங்களுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் போக வேண்டும் என்பது சட்டம். இந்தியாவின் 2008ஆம் ஆண்டு நீர்மின் கொள்கையோ, ஆறு ஓடும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரத்தை இலவசமாகவும், உள்ளூர் அபிவிருத்திக்கென மேலும் 1 சதவீதத்தையும் ஒதுக்குகிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 ஆண்டுகளுக்கு மாதம் 100 அலகு மின்சாரம் என்றும் அது சொல்கிறது. இவை எல்லா இடத்திலும் ஒழுங்காக நிறைவேறின என்று நான் வாதிடமாட்டேன். ஆனால், கேட்பதற்கு ஒரு தாளாவது அம்மக்களிடம் இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. வீடு கிடைத்தது. ஆற்றின் வருமானத்தில் பங்கு என்ற பேச்சே அங்கு எழவில்லை.

வடக்கில் நீர்வீழ்ச்சி இல்லை, காற்று இருக்கிறது. ஆனையிறவு தாண்டிப் பளைப் பக்கம் போகிறவர்கள் 2014இல் அமைந்த தனியார் காற்றாலைகளைக் கண்டிருப்பார்கள். பூநகரியிலும் மன்னாரிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்க அதானி நிறுவனம் முன்வந்தது. அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு 2024 மே மாதம் அமைச்சரவை இணங்கியது. புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. விலையைப் பற்றியும் வலசை வரும் பறவைகளைப் பற்றியும் கொழும்பில் நிறையப் பேசினார்கள். இரண்டும் பேச வேண்டியவையே. பூநகரி மக்களுக்கு அந்தக் காற்றில் என்ன பங்கு என்ற கேள்வி மட்டும் எடுபடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்ததில் வியப்பில்லை. சுன்னாகத்தில் தனியார் மின் நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்ததையும் அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இப்படி நிபந்தனை விதித்தால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பார்கள். முதலீட்டாளர் அஞ்சுவது நிபந்தனைக்கல்ல, நிச்சயமின்மைக்கு. ஆரம்பத்திலேயே எழுதப்பட்ட பங்கை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்வார். பாதி வழியில் எழும் மக்கள் எதிர்ப்பையும் நீதிமன்ற வழக்கையும் எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

ஆகவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் அதன் முழுப் பிரதியும் தமிழில் வெளிவர வேண்டும். வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் அந்தந்தப் பிரதேச சபைக்குச் சட்டப்படி சேர வேண்டும். மாகாணத்தின் தெரிவுசெய்யப்பட்ட சபைக்கு மேசையில் ஓர் ஆசனம் வேண்டும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து, இத்தனை உடன்படிக்கைகளும் அப்படியொரு சபை இல்லாத ஆண்டுகளிலேயே பேசப்பட்டன என்பதையும் கவனிக்க வேண்டும்.

நாடாளுமன்றம் சென்ற நம்மவர்கள் இதைக் கேட்க வேண்டும். ஊரில் முதலிட எண்ணும் புலம்பெயர்ந்த உறவுகளும் கேட்க வேண்டும். முதலீடு டெல்லியிலிருந்து வந்தாலும் டொரன்டோவிலிருந்து வந்தாலும் பூநகரி விவசாயிக்குக் காட்ட வேண்டிய தாள் ஒன்றுதான்.