பிள்ளையின் தலையில் ஒரு கட்டி

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய நம் கரையோர ஊர்களில் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்கும் உம்மாவோ மூத்தம்மாவோதான், தலையில் எழும் கட்டியை வைத்தியருக்கு முன்பாக அறிகிறார். அறிந்தபின் செய்யவேண்டியது யாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

தலையிற் காணும் கட்டிகளுட் பெரும்பாலானவை அஞ்சத்தக்கவை அல்ல. விழுந்ததால் உண்டான வீக்கம் சில நாட்களில் வற்றிவிடும். பேனும் சிரங்கும் உள்ள தலையிற் காதுக்குப் பின்னே நெறி கட்டுவதுண்டு. ஆனால் இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாமல், நடுவில் மெத்தென்றும் சுற்றிலும் எலும்பின் விளிம்பு தட்டுப்படுவதாகவும் ஒரு கட்டி இருக்குமாயின், மண்டையோட்டு எலும்பையே ஏதோ ஒன்று அரிக்கின்றது என ஐயுறல் வேண்டும்.

அவ்வாறு எலும்பை அரிக்கும் அரிய நோய்களுள் ஒன்று லாங்கர்ஹான்ஸ் கல நோய். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பிள்ளைகளில் நால்வர் ஐவருக்கே இது வரும். நமது தோலில் காவலாளிகளைப் போல் நிற்கும் சில கலங்களை, போல் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவ மாணவர் 1868ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவற்றை ஒத்த கலங்கள் வரம்பு மீறிப் பெருகி எலும்பில் தங்குவதே இந்நோய்.

இது வேறு நோய்களின் வேடம் பூண்டு வரும். 1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அல்பிரட் ஹாண்ட் என்னும் வைத்தியர், தீராத தாகமும் அளவற்ற சிறுநீரும் கொண்ட ஒரு சிறுவனைக் கண்டு, அது காசநோய் என்றே கருதினார். இன்றும் காதின் பின்னெலும்பில் இது தோன்றும்போது, வெறும் காதுச்சீழ் என்றே எண்ணி மாதக்கணக்கில் மருந்து ஊற்றுவோர் உண்டு.

எக்ஸ்றே படத்தில் எலும்பு ஓட்டையிட்டாற்போற் தோன்றும். எனினும் படம் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புக் கூறாது. கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தாலே உண்மை துலங்கும். பின்னர் ஏனைய எலும்புகள், ஈரல், இரத்தம் ஆகியவற்றையும் சோதிப்பர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றையும் நோய் பற்றுமாயின் அது கடுமையானதாகும்.

ஓரிடத்தில் மட்டும் உள்ள கட்டியைச் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் எலும்பு மெல்ல வளர்ந்து மூடிக்கொள்ளும். சில வேளை தானாகவும் ஆறும். பல எலும்புகளில் இருந்தாலும், கண் குழி, காதெலும்பு போன்ற இடங்களில் இருந்தாலும், வின்பிளாஸ்ரீன் ஊசியும் பிரெட்னிசொலோன் மாத்திரையும் வழக்கமாக ஓராண்டு வரை கொடுக்கப்படும். கட்டி மறைந்துவிட்டதென்று இடையில் நிறுத்துதல் ஆகாது, நோய் மீளக்கூடும்.

இங்கேதான் நம்மவர் மனம் தளர்கிறது. சிகிச்சைக்கு மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்ல நேரிடலாம். "மஹரகம" என்ற சொல்லைக் கேட்டதும் அயலார் மரணச் செய்தி போற் பேசத் தொடங்குவர். ஒரே எலும்பில் மட்டும் இந்நோயுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்து வாழ்கின்றனர் என்பதை அவர்கள் அறியார். வேறு சிலர், கர்ப்ப காலத்தில் உண்டதும் பார்த்ததுமே காரணமென்று உம்மாவைப் பழிப்பர். அதற்கும் ஆதாரமில்லை. இக்கலங்களின் மரபணுவில் நேரும் ஒரு மாற்றம் நோயாளரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருப்பதாக 2010ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அது பெற்றோர் வழி வந்ததன்று. நோயும் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ஓதிப் பார்ப்பது மனத்துக்கு ஆறுதலாகலாம். ஆயின் கட்டியை அழுத்தித் தேய்ப்பதும், சூடு வைப்பதும், கீறுவதும் வேண்டாம். முதலில் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ காட்டுங்கள். அரச வைத்தியசாலையிற் பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

பிள்ளை தேறிய பின்னரும் குறிப்புப் புத்தகத்தையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். இரவில் அடிக்கடி எழுந்து தண்ணீர் கேட்டு, அதற்கேற்பச் சிறுநீரும் கழித்தால் உடனே வைத்தியரிடம் தெரிவியுங்கள். மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியை நோய் தீண்டியதன் அடையாளமாக அது இருக்கலாம். சீனி வியாதியோடு தொடர்பற்ற இந்தத் தாகத்துக்கும் மருந்து உண்டு.