விறகடுப்பு ருசியும் எங்க அண்ணியும்

போன மாசம் சென்னையில இருந்து நண்பர் ஒருத்தர் குடும்பத்தோட தோட்டத்துக்கு வந்திருந்தார். நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுட்டு, "விறகடுப்பு ருசியே தனிங்க, கேஸ்ல இது வராது" என்றார். பிள்ளைங்க அடுப்பைப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நானும் சிரிச்சு வச்சேன். மனசு மட்டும் எங்க அண்ணிகிட்ட போயிருச்சு.

அண்ணி கல்யாணமாகி வந்தப்ப எனக்கு 12 வயசு. அன்னையில இருந்து 38 வருஷம் அந்த ஓட்டுவீட்டுச் சமையல்கட்டுதான். விறகு, பருத்திமாறு, தென்னம்மட்டை, வறட்டி எல்லாம் எரியும். ஜன்னல் கையகலம். ஊதாங்குழல்ல ஊதி ஊதிக் கண்ணு செவந்து நிப்பாங்க. அண்ணனும் நானும் அந்த வாசப்படியில உக்காந்துதான் பீடி குடிப்போம். அண்ணி வெத்தலைகூட போட்டதில்லை.

ஒரு வருஷம் இருமல் வந்தது, நிக்கலை. டானிக் வாங்கிக் கொடுத்தோம். டிபியா இருக்கும்னு சளி டெஸ்ட் எடுத்தோம், இல்லைன்னாங்க. சளியில ரத்தம் வந்து, ஆளு பாதியா இளைச்ச பிறகுதான் ஸ்கேன். நுரையீரல் புற்றுநோய், நாலாம் கட்டம். எட்டு மாசத்துல போயிட்டாங்க.

துக்கத்துக்கு வந்தவங்க ரகசியமா கேட்டது ஒண்ணுதான்: "பீடி கீடி குடிப்பாங்களா?" அண்ணனும் நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம்.

இந்த நோய்க்குப் புகையிலைதான் முதல் காரணம், அதுல மாத்துக் கருத்தே இல்லை. பீடியும் சிகரெட்டும் ஒண்ணுதான். ஆனா குடிக்கிறவனோட அது நிக்கிறதில்லை, பக்கத்துல இருக்கிறவங்களையும் பிடிக்குது. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்றேன். இதுல ரெண்டு பெரிய வகை. சிறு செல் வகை ரொம்ப வேகமாப் பரவும். வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே புகை பிடிச்சவங்க. மத்தது சிறு செல் அல்லாத வகை. நூத்துக்கு 85 பேருக்கு இதுதான். அதுலயே அடினோகார்சினோமான்னு ஒண்ணு இருக்கு. புகையே பிடிக்காதவங்களுக்கு வந்தா பெரும்பாலும் அதுதான். அண்ணிக்கு வந்ததும் அதுதான்.

டீசல் புகை, ஆஸ்பெஸ்டாஸ் தூசி, கல் உடைக்கிற இடத்துத் தூசி, ஊர்க்காத்துல இருக்கிற மாசு எல்லாம் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பு உறுதியாவே சொல்லியிருக்கு. வீட்டுக்குள்ள எரியிற விறகுப் புகையை அதுக்கு அடுத்த வரிசையில, 'அனேகமா உண்டாக்கும்'னு வச்சிருக்கு. அண்ணியைக் கொன்னது அடுப்புப் புகையா, எங்க பீடியான்னு யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டையும் அவங்க தேடிப் போகலைங்கிறது மட்டும் எனக்குத் தெரியும்.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். நுரையீரல் புற்றுநோய்னு கேட்டதும் "குடிப்பாங்களா"ன்னு கேக்கிறதை விடுங்க. அந்தக் கேள்வியாலதான் புகை பிடிக்காதவங்க இருமலை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்லை. இருமல் மூணு வாரத்தைத் தாண்டினா, சளியில ரத்தம் வந்தா, காரணமில்லாம எடை குறைஞ்சா உடனே டாக்டரைப் பாருங்க. டிபி இல்லைன்னு சொன்னதோட நாங்க நிம்மதியாயிட்டோம். அது நாங்க பண்ணின தப்பு.

இன்னொண்ணு, விறகடுப்பைக் கொண்டாடாதீங்க. 2016-ல உஜ்வாலா திட்டத்துல கேஸ் வந்தும், சிலிண்டர் விலைக்குப் பயந்து டீக்குக் கேஸ், சோத்துக்கு விறகுன்னு இருக்கிற வீடு எங்க பக்கம் நிறைய. அவங்களுக்கு அது ருசி இல்லைங்க, வழியில்லாம எரிக்கிறாங்க. நிறுத்த முடியலைன்னா அடுப்பையாவது வெளியில வைக்கணும், புகைபோக்கி வைக்கணும், விறகை நல்லாக் காயவச்சு எரிக்கணும்.

அண்ணி போன அன்னைக்கே நான் பீடியை விட்டேன், 6 வருஷமாச்சு. விட்டு 10 வருஷமானா, விடாதவங்களோட பாக்கையில ஆபத்து பாதியா குறையும்னு சொல்றாங்க. இன்னும் 4 வருஷம் இருக்கு.

நண்பர் கிளம்பின பிறகு கொல்லைப்பக்கம் போனேன். என் வீட்டுக்காரி தணல்ல தண்ணி தெளிச்சுட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னா. அடுத்த தடவை யார் வந்தாலும் குழம்பு கேஸ்லதான். ருசி கொஞ்சம் கம்மியா இருந்தா பொறுத்துக்கங்க.