அறுவடைக்கும் வாருங்கள், பிள்ளைகளே

மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, வேளாண் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் கிராமத் தங்கல் திட்டத்தில் வருகிறார்கள். வரட்டும். ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். ஆனால் செயல்விளக்கம், போட்டோ என்று பத்து மணிக்கு வந்து மதியமே கிளம்பினால் விவசாயம் பிடிபடாது. விடியுமுன் எழுந்து சாணம் அள்ள வேண்டும், பால் கறக்க வேண்டும், மடை திறக்க எங்களோடு வர வேண்டும்.

போன சம்பாவில் ஒரு பெண் என்னோடு நாற்று பறித்தாள். முதலில் அவள் கட்டிய நாற்றுமுடியெல்லாம் அவிழ்ந்துபோனது. பிறகு எங்கள் ஆட்களுக்கு ஈடாகக் கட்டினாள். "இடுப்பு இவ்வளவு வலிக்குமாம்மா?" என்று கேட்டாள். நாளை அதிகாரியாகி நடவுக் கூலி பற்றிப் பேசும்போது அவளுக்கு அந்த வலி நினைவிருக்கும்.

நடவோடு அவர்கள் திரும்பிவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். அதற்குள் கொண்டுவர, தை, மாசிப் பனியில் நனைந்த நெல்லைச் சாலையில் கொட்டிக் கிளறி, மேகம் கறுத்ததும் தார்ப்பாய்க்கு ஓடும் நாட்களிலும் அவர்கள் இங்கே இருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது பாடத்திட்டத்தில் ஒதுக்குங்கள்.